செஷன் தொலைந்தால் எங்கே தேடுவது

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்குச் சில மைல் முன்னதாக, வத்திராயிருப்புக்குப் பாதை பிரிகிற இடத்தில் இருக்கும் கிருஷ்ணன்கோவில், 1984-ஆம் வருஷம் கலசலிங்கம் பெயரால் ஒரு பொறியியற் கல்லூரி அங்கே ஆரம்பிக்கப்பட்டதிலிருந்து மாணவர்களின் ஊராகவும் ஆகிவிட்டபடியால், இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய உதாரணங்களை அம்மாணவர்கள் தங்களைச் சுற்றிலும் காணக்கூடிய தொழில்களிலிருந்தே எடுத்துக்கொள்வது பொருத்தமென்று கருதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வெளியூருக்கு அனுப்பி விற்க விரும்பும் கடைக்காரருக்கு ஓர் இணையதளம் வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கு ஆர்டர் பதிவேடு வேண்டும். ராஜபாளையத்து நூற்பாலைக்கு ஷிஃப்ட் வருகைக் கணக்கு வேண்டும். இவற்றில் எதைக் கட்டினாலும், கட்டியவரை என்றாவது ஒருநாள் வந்து வாட்டுகிற வியாதி ஒன்று உண்டு: லாகின் செய்து உள்ளே வந்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறுபடி லாகின் கேட்கப்படுகிறார், கூடையில் போட்ட இரண்டு கிலோ பால்கோவா, பணம் கட்டும் பக்கத்தில் இல்லை, அரைமணி நேரம் உட்கார்ந்து நிரப்பிய விண்ணப்பம், கடைசிப் பொத்தானை அழுத்தியதும் வெறுமையாகத் திரும்புகிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் தட்கல் டிக்கெட் எடுக்கக் காலை பதினொரு மணிக்குக் கைப்பேசியோடு காத்திருந்து பழகியவர்களுக்கு ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்ற வாசகம் அர்த்தம் சொல்லாமலே விளங்கும்.

இந்த வியாதிக்கு நம்மவர் சாதாரணமாகச் செய்கிற வைத்தியம், செஷனின் ஆயுளைக் கூட்டுவதுதான். இருபது நிமிஷத்தை இரண்டு மணியாக்குவார்கள். அப்படியும் தீராவிட்டால் ஒரு நாளாக்குவார்கள். காரணத்தைப் பாராமல் மருந்தின் அளவைக் கூட்டுவது எந்த வைத்தியத்திலும் தவறு. இங்கே அது பெரும்பாலும் பிரயோஜனமும் இல்லாத தவறு, ஏனெனில் தொலைந்துபோகும் செஷன்களில் பல, நேரம் கடந்ததால் தொலைகிறவையே அல்ல. எங்கே தொலைந்தது என்பதைக் கண்ணால் பார்த்து நிச்சயித்துக்கொண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துகிற விஷயம்.

இணையத்தில் பக்கங்களைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஏற்பட்ட எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டார், கொடுத்தாயிற்று. அடுத்த நொடியில் அவரே மீண்டும் வந்து கேட்டாலும் சர்வருக்கு அவர் புதியவரே. இந்தக் குறையைப் போக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி என்பவர் வகுத்த உபாயம்தான் குக்கி. ஆண்டாள் கோவிலுக்குள் போகிறவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு எண் பொறித்த டோக்கன் ஒன்றை வாங்கிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: செருப்பு காப்பவரிடம் இருக்கிறது, டோக்கன் பக்தரிடம் இருக்கிறது, இரண்டையும் இணைப்பது அந்த எண் ஒன்றே. செஷன் தகவல் சர்வரில் இருக்கிறது. எண் மட்டும் குக்கியாகப் பிரவுசரில் இருக்கிறது. ஆகவே ‘தொலைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: டோக்கன் கொடுக்கப்பட்டதா? கொடுத்த டோக்கன் திரும்பி வந்ததா? வந்த டோக்கன் அதே எண்தானா? எண் சரியாயிருந்தால், அந்த எண்ணுக்குரிய பொருள் இடத்தில் இருக்கிறதா?

இந்த நான்கில் முதல் மூன்றுக்கும் பதிலைக் கண்டுபிடிக்கச் சில நிமிஷங்கள் போதும். பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகளை அழிக்காதே என்று அங்கேயே உள்ள குறியை இட்டுக்கொண்டு, லாகின் முதல் செஷன் தொலைகிற பக்கம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சர்வர் அனுப்பும் பதிலில் ‘செட்-குக்கி’ என்ற தலைப்பு வரி இருக்கிறதா, அடுத்த கோரிக்கையில் ‘குக்கி’ என்ற வரி அதே எண்ணைத் தாங்கிச் செல்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எச்.பி.யில் அந்தக் குக்கியின் பெயர் பி.எச்.பி.செஸ்ஐடி என்றும், ஜாவா சர்வர்களில் ஜே.செஷன்ஐடி என்றும் இருக்கும். இந்தத் தாள் கையில் இல்லாமல் சர்வர் அமைப்புகளில் கைவைக்கிறவர், இருட்டறையில் சாவி தேடுகிறவரைக் காட்டிலும் அதிகச் சேதம் விளைவிப்பார் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

டோக்கன் கொடுக்கப்படவே இல்லை

செட்-குக்கி வரியே இல்லையென்றால், பி.எச்.பி.யில் எழுதுகிற தமிழர்களுக்கு முதலாவதாக நான் சொல்வது, கோப்பின் தலையைப் பாருங்கள் என்பதுதான். குக்கி, பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னால் போகிற தலைப்புப் பகுதியில் செல்வது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து புறப்பட்டுவிட்டாலும், பிறகு குக்கியை அனுப்ப வழியில்லை. தமிழ் எழுத்துக்களைக் கொண்ட கோப்பைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால், கோப்பின் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள், பாம் என்ற பெயருடையவை, தாமாகவே சேர்ந்துவிடும். பி.எச்.பி.யின் கண்ணில் அவையும் உள்ளடக்கமே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியபோது நன்றாக ஓடிய தளம், ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சேமித்த அன்றைக்கு லாகின் பண்ண மறுக்கிறதென்றால், குற்றம் தமிழின்மேலும் இல்லை, பி.எச்.பி.யின்மேலும் இல்லை, அந்த மூன்று பைட்டுகளின்மேல் இருக்கிறது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேட் பாம் இல்லாமல் சேமிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டது. ஆனால் அதற்கு முன் எழுதிய கோப்புகள் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பிரதிமேல் பிரதியாக உலவிக்கொண்டிருக்கின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டரில் திறந்து, பாம் இல்லாத யூ.டி.எஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. ஆரம்பக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் விளைவு இதுவே.

கொடுத்த டோக்கன் திரும்பி வரவில்லை

குக்கி வந்தது, அடுத்த கோரிக்கையில் போகவில்லை என்றால், பிரவுசர் அதை அனுப்ப மறுத்ததற்கு ஒரு விதி இருக்கும். தளத்தை டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்ற முன்னொட்டோடு திறந்து, முன்னொட்டு இல்லாத முகவரிக்குத் தாவினால், டொமைன் குறிப்பிடாத குக்கி உடன் வராது. பத்திரமான இணைப்புக்கு மட்டும் என்று குறியிட்ட குக்கி, எச்.டி.டி.பி. மட்டுமுள்ள பக்கத்துக்குப் போகாது. இவை எளிதில் அகப்படுபவை. அகப்படாமல் நாள்கணக்கில் அலைக்கழிப்பது, பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறபோது நேரும் இழப்பு. அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தேசத்தில் 2009 ஆகஸ்ட் 1 முதல், கார்டைக் கொண்டு இணையத்தில் செலுத்தும் பணத்துக்கு இரண்டாவது அத்தாட்சி ஒன்றும் அவசியம் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. மிக நல்ல விதி. அதன் பயனாக, வாங்குகிறவர் கடையின் தளத்தைவிட்டு வங்கியின் பக்கத்துக்குப் போய், ஓ.டி.பி. எண்ணைக் கொடுத்து, கடைக்குத் திரும்பி வருகிற ஒரு பிரயாணம் நம் இணைய வியாபாரத்தில் சாதாரணமாகிவிட்டது. பல பணப்பட்டுவாடா நிறுவனங்கள் இந்தத் திரும்புதலைப் ‘போஸ்ட்’ என்ற முறையில், அதாவது ஒரு படிவத்தைச் சமர்ப்பிப்பதுபோல், செய்துவந்தன. 2020 பிப்ரவரியில் குரோம் 80-ஆம் பதிப்போடு வந்த மாற்றம், இந்தப் பிரயாணத்தின் நடுவே ஒரு கதவைப் போட்டது: ‘சேம்சைட்’ என்ற குணம் குறிப்பிடப்படாத குக்கிகளை, வேறொரு தளத்திலிருந்து வருகிற போஸ்ட் கோரிக்கையோடு இனி அனுப்புவதில்லை என்பது அதன் சாரம். கொரோனாக் காலத்தில் அத்தியாவசிய தளங்கள் தடைப்படக் கூடாதென்று ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் அமலாக்கினார்கள்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய தளங்கள் திடீரென்று உடையாமலிருக்க, பிறந்து இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாத குக்கியை மட்டும் அப்படிப்பட்ட கோரிக்கையோடும் அனுப்பலாம் என்று குரோம் ஒரு சலுகை வைத்தது. தளத்தைக் கட்டியவர் சோதிக்கும்போது, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவராகையால், ஒரு நிமிஷத்தில் கூடையை நிரப்பிப் பணம் கட்டித் திரும்பிவிடுவார். செஷன் பத்திரமாக இருக்கும். சென்னையிலிருந்து பால்கோவா வாங்க வருகிறவரோ அரைக்கிலோவா ஒரு கிலோவா என்று வீட்டில் கேட்டு, முகவரியைத் தட்டி, ஓ.டி.பி. வரக் காத்திருந்து, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்புவார். அவருக்குக் கூடை காலி, கணக்கில் மட்டும் பணம் குறைந்திருக்கும். ‘என் கணினியில் சரியாக வருகிறதே’ என்று கட்டியவர் சொல்வதும் உண்மை. ‘பணம் போய்விட்டது’ என்று வாங்கியவர் சொல்வதும் உண்மை. இவ்விருவரையும் சேர்த்துவைக்க, சோதிக்கிறவர் மூன்று நிமிஷம் வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குக்கி இல்லாமல் வந்து சேர்கிற அந்தத் திரும்பு பக்கம், வழக்கம்போல் முதல் வரியிலேயே செஷனை ஆரம்பித்தால், சர்வர் வந்தவரைப் புதியவராக எண்ணி ஒரு புதிய எண்ணைக் கொடுத்துவிடும்; பிரவுசர் பழைய எண்ணை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும். பழைய செஷன் சர்வரில் அழியாமல் இருந்தும் அதை அடைய வழியில்லாமல் போவது இந்தக் கணத்தில்தான். எனவே திரும்பு பக்கத்தில் செஷனை ஆரம்பிக்கவே கூடாது. வந்த தகவலிலுள்ள ஆர்டர் எண்ணையும் பணப்பட்டுவாடா நிறுவனத்தின் கையொப்பத்தையும் சரிபார்த்து, முடிவை டேட்டாபேஸில் எழுதிவிட்டு, நம்முடைய வேறொரு பக்கத்துக்குச் சாதாரண ‘கெட்’ முறையில் திருப்பிவிட வேண்டும். அந்தக் கோரிக்கையோடு பழைய குக்கி தானாகவே வந்து சேரும். சேம்சைட் குணத்தை ‘நன்’ என்று வைத்து, பத்திரமான இணைப்புக்குரிய குறியையும் சேர்த்துவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் பிற தளங்கள் நம் பயனரின் பெயரால் கோரிக்கை அனுப்பும் மோசடிக்கு அது கதவைத் திறந்துவிடுவதால், அதை இரண்டாம்தர உபாயமாகவே நான் மதிக்கிறேன்.

எண் சரி, பொருள் இல்லை

குக்கி ஒழுங்காகப் போய்வருகிறது, இருந்தும் செஷன் வெறுமையாக இருக்கிறது என்றால் விசாரணை சர்வருக்குள் நுழைகிறது. பி.எச்.பி. ஒரு செஷனுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிஷம், டாம்கேட் கொடுப்பது 30 நிமிஷம், ஏ.எஸ்.பி. டாட் நெட் கொடுப்பது 20 நிமிஷம். நேரம் கடந்ததே காரணமா என்பதை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் ஒரு விசேஷம் உண்டு: பழைய செஷன் கோப்புகளைக் கூட்டித் தள்ளும் வேலையைப் பி.எச்.பி. செய்யாமல், அரைமணிக்கு ஒருமுறை இயங்கும் தனி வேலையாள் ஒருவன் செய்கிறான், அவன் பி.எச்.பி.யின் பொது அமைப்புக் கோப்பில் எழுதியுள்ள ஆயுளை மட்டுமே பார்ப்பான், நம் நிரலுக்குள் நாம் கூட்டிவைத்த ஆயுளைப் பார்க்கமாட்டான். நிரலில் ஆயுளை இரண்டு மணியாக்கியும் ஒன்றும் மாறவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருடைய வழக்கு இதுதான். வாடகைச் சர்வரில் பலருடைய தளங்கள் ஒரே தற்காலிகக் கோப்புறையில் செஷன்களை வைத்தால், அவற்றில் எவர் வைத்த ஆயுள் மிகக் குறைவோ அவருடைய தளம் பழைய கோப்புகளைக் கூட்டித் தள்ளுகிறபோது மற்றவர்களுடையதும் சேர்ந்து போகும். நம் தளத்துக்கென்று தனிக் கோப்புறை வைத்துக்கொள்வது அவசியம்.

நாள் முழுதும் நன்றாக ஓடி, திடீரென்று எல்லாரையும் ஒரே நொடியில் வெளியே தள்ளுகிற தளம், செஷனைச் சர்வரின் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐ.ஐ.எஸ். சர்வர் வழக்கமாக 1740 நிமிஷத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணிக்கு ஒருமுறை, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். நேரம் நாளுக்கு ஐந்து மணியாகத் தள்ளிக்கொண்டே போவதால் இதில் ஒழுங்கு இருப்பதே பலருக்குத் தென்படாது. சர்வர்கள் இரண்டிருந்து, கோரிக்கை மாறிமாறிப் போனால், ஒரு கிளிக்கில் உள்ளேயும் மறு கிளிக்கில் வெளியேயுமாக ஊசலாடும். இரண்டு வியாதிக்கும் மருந்து ஒன்றே: செஷனை டேட்டாபேஸ், ரெடிஸ் போன்ற பொதுவான இடத்துக்கு மாற்றுவது. செஷனை எழுத இடமில்லாதபடி டிஸ்க் நிரம்பிவிட்டதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸுக்கு மாற்றியவர்களுக்குத் தமிழால் நேர்கிற சிக்கல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆங்கில நூல்களில் இதைத் தேடினால் எளிதில் கிடைக்காது. பி.எச்.பி. ஒரு சொல்லைச் செஷனில் எழுதும்போது அதன் பைட் நீளத்தையும் கூடவே எழுதுகிறது. ‘ஆண்டாள்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில், புள்ளிகளும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ஏழு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 21 பைட். செஷன் அட்டவணை பழைய லத்தீன்-1 முறையில் இருந்தால், 2018-இல் மை எஸ்.க்யூ.எல். 8.0 வருகிற வரையில் வழக்கமாக அப்படித்தான் இருந்தது, அந்த ஏழும் ஏழு கேள்விக்குறிகளாக மாறிவிடும். நீளம் 21 என்று எழுதியிருக்கிறது, இருப்பதோ 7. படிக்க வருகிற பி.எச்.பி. கணக்கு ஒத்துவராததைக் கண்டு அந்தச் செஷன் முழுவதையும் அழித்துவிடுகிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வாடிக்கையாளருக்கு எல்லாம் சரியாக இருக்கும். தமிழில் எழுதியவர் மட்டும் வெளியே தள்ளப்படுவார். கண்டிப்பான முறையில் இயங்கும் புதிய பதிப்புகளில் கேள்விக்குறி வராது. எழுதவே முடியாமல் பிழை வரும். செஷன் பத்தியை எழுத்தாக வைக்காமல் ‘பிளாப்’ என்ற பைட் வகையாக வைத்தால் இந்த ஆபத்தே இல்லை. தகவல் முழுவதையும் குக்கிக்குள்ளேயே வைக்கிற ஃபிளாஸ்க் போன்றவற்றில் இதற்கு ஒரு தம்பி உண்டு: ஒரு குக்கிக்குச் சுமார் 4096 பைட்தான் இடம், சதவீதக் குறியால் மாற்றி எழுதினால் ‘ஆண்டாள்’ 63 இடத்தை எடுத்துக்கொள்ளும். எல்லை மீறிய குக்கியைப் பிரவுசர் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடும்.

சில அரிய சந்தர்ப்பங்கள்

லாகின் ஆனதும் செஷன் எண்ணை மாற்றுவது பாதுகாப்புக்கு அவசியம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றி, பழையதை உடனே அழித்துவிடுவது அதீதம். சதுரகிரிக்குப் போகிற யாத்திரிகர் தாணிப்பாறை அடிவாரத்தில், அலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வருகிற இடத்தில், அறை பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: புதிய எண்ணைத் தாங்கிய பதில் வழியிலேயே தொலைந்தால், அவரிடம் இருப்பது சர்வர் அழித்துவிட்ட பழைய எண். பழையதைச் சில நிமிஷம் செல்லுபடியாக வைத்திருந்தால் அவருக்குக் கஷ்டமில்லை.

பிரவுசிங் சென்டர்களிலும் இ-சேவை மையங்களிலும் நேர்வது வேறு விதம். தமிழ்நாட்டில் பொறியியற் கலந்தாய்வு 2018-இல் இணையத்துக்கு மாறிய பிறகு, ஒரே கணினியில் அடுத்தடுத்துப் பல மாணவர்களின் விண்ணப்பங்களை நிரப்புவது சகஜமாயிற்று. ஒரு பிரவுசரின் எல்லா டேபுகளுக்கும் குக்கி ஒன்றே. அவசரத்தில் இரண்டு டேபுகளில் இரண்டு மாணவர்களைத் திறந்தால், இரண்டாவது பெயர் முதலாவதின்மேல் ஏறிவிடும், முதல் மாணவனின் மதிப்பெண்கள் தொலைந்தனவாகத் தோன்றும். எந்தத் தளத்தைக் கட்டுகிறவரும், விண்ணப்ப எண்ணைச் செஷனில் மட்டும் வைக்காமல் படிவத்திலும் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சர்வரில் சரிபார்க்க வேண்டும். மையத்தை நடத்துகிறவர், ஒரு மாணவனுக்கு ஒரு பிரவுசர் ஜன்னல் என்று, மறைவு முறையில் திறந்து வேலைசெய்து, அதை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் செஷன் சில வேளை தொலையத்தான் செய்யும். மின்சாரம் போகும், கைப்பேசி அணையும், வங்கிகள் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வெளியேற்றும். தொலைந்தால் திரும்ப உண்டாக்க முடியாத எதையும் செஷனில் வைக்கலாகாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள். லாகின் ஆனவர் யார் என்பது செஷனில் இருக்கட்டும். அவர் தட்டச்சு செய்தது ஒவ்வொரு பகுதி முடிந்ததும் டேட்டாபேஸில் வரைவாக ஏறட்டும். கூடை அவருடைய கணக்கோடு சேர்ந்து இருக்கட்டும். பணம் கட்ட அனுப்புவதற்கு முன்பே ஆர்டர் ‘நிலுவை’ என்று பதிவாகி எண் பெறட்டும். பணம் வந்ததா என்ற செய்தியை வாங்குகிறவரின் பிரவுசரை நம்பாமல், பணப்பட்டுவாடா நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்கு நேராகச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஆர்டரை முன்னதாகப் பதிவு செய்யாமல் மனிதர்களைப் பணம் கட்டும் பக்கத்துக்கு அனுப்புகிற தளத்தை, எவ்வளவு அவசரமானாலும், பொதுஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டாம் என்று இதைப் படிக்கும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.